பின்னற்கலைச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், போசகர்களுக்கும், நிருவாகக் குழுவினருக்கும், வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். கடந்த ஆண்டில் நமது சங்கம் ஆற்றிய பணிகளைச் செயலாளர் என்ற முறையில் சமர்ப்பிக்கிறேன்.

நிருவாகக் குழு மாதந்தோறும் கூடியது. தைப்பொங்கலையொட்டி உவர்மலையில் றேந்தைப் பின்னல் கண்காட்சி நடைபெற்றது. பாடசாலை விடுமுறையில் சிறுமிகளுக்குக் கொக்கி ஊசியால் பின்னும் குறோசே வகுப்பு நடத்தினோம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நமது திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியதை நினைவுகூர்ந்து, அதே திகதியில் உப்புவெளி யுத்த மயானத்திற்குச் சென்று மலரஞ்சலி செலுத்தினோம்.

அன்று மயானத்தில் போர்க்காலப் பின்னலைப் பற்றி எழுந்த பேச்சிலிருந்தே, சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலுறை பின்னிக் கொடுக்கும் திட்டம் பிறந்தது. இந்த வெயிலில் காலுறை எதற்கு, அதிலும் வெள்ளைக்காரரின் போர்க்காலப் பின்னல் நமக்கு எதற்கு என்று சில அங்கத்தவர்கள் வெளியிலும் பேசியதாக அறிந்தமையால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாம் உலகப் போரில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சேறும் நீரும் தேங்கிய அகழிகளில் நாட்கணக்காக நின்ற படையினரின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகத் தொடங்கின. ஈரக் காலுறையைக் கழற்றிக் காய்ந்ததை அணிவது அதற்கான முக்கிய காப்புகளில் ஒன்று. 1914இல் மேரி மகாராணியும் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவும் 300,000 சோடிக் காலுறைகள் வேண்டுமெனக் கோரியபோது, பிரித்தானியப் பெண்கள் வீடுவீடாகப் பின்னிக் கொடுத்தார்கள். விரல்முனையில் வரம்பு விழாமல் காலுறையை அடைக்கும் முறை இன்றும் கிச்சனரின் பெயராலேயே வழங்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில், 1941 ஜூன் முதல் பிரித்தானியாவில் ஆடைக்கும் கம்பளி நூலுக்கும் பங்கீடு வந்தபின், பழைய பின்னலாடைகளைப் பிரித்து அந்த நூலிலேயே மறுபடி பின்னினார்கள்.

நம் ஊரில் சீனி வருத்தத்தால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் எத்தனையோ பேர். காலில் உரசுவது அவர்களுக்குத் தெரிவதில்லை. புண் ஆழமான பின்பே கிளினிக்குக்குப் போகிறார்கள். கடையில் வாங்கும் காலுறைகள் பலவற்றில் விரலுக்கு மேலே தடித்த தையலும், கணுக்காலுக்கு மேலே இறுக்கும் இறப்பர் பட்டியும் இருக்கின்றன. படையினனின் விரலைக் காத்த அந்த அடைப்பு நம் அம்மாமாரின் விரலையும் காக்கும் என்பதே எனது வாதம். அதை இன்றும் மாற்றிக்கொள்ள நான் ஆயத்தமில்லை.

நமது வடிவமைப்பில் கம்பளிக்குப் பதிலாகப் பருத்தி நூல் பயன்படுகிறது. பருத்திக்கு இழுபடும் தன்மை குறைவு என்பதால், மேல்விளிம்பை இறுக்காமல் தொடங்கி, இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பேர்ல் (புறக்கண்ணி) என்று நீளமாகப் பின்னுகிறோம். இறப்பர் இல்லாமலே அது காலைப் பற்றி நிற்கும். மொத்தம் 64 கண்ணிகள். குதிப்பகுதிக்கு 32 கண்ணிகளைப் பிரித்தெடுத்து, ஒன்றைப் பின்னாமல் மறு ஊசிக்கு மாற்றி அடுத்ததைப் பின்னிச் சென்றால் அவ்விடம் தடித்து நெடுநாள் உழைக்கும். விரல்முனையில் ஒன்றுவிட்ட சுற்றுக்கு நான்கு கண்ணிகளாகக் குறைத்து, இரு ஊசிகளிலும் எட்டெட்டு மிஞ்சும்போது, மொட்டை ஊசியில் நூலைக் கோத்துக் கண்ணிக்குக் கண்ணி மாறிமாறி நுழைத்து இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால், உள்ளே கைவிட்டுத் தடவினாலும் இணைப்புத் தட்டுப்படாது. விரல்முனை கடைசியாகப் பின்னப்படுவதால், தேய்ந்ததும் அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். கசிவோ இரத்தமோ உடனே கண்ணில் படுவதற்காக வெளிர் நிறங்களையே தெரிவு செய்தோம். பருத்தி வியர்வையைப் பிடித்து வைக்கும். ஆகையால் நாளுக்கொரு சோடி மாற்ற வேண்டும். புண் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதை அணியக் கூடாது என்பதையும் ஒவ்வொரு சோடியுடனும் எழுதிக் கொடுக்கிறோம்.

இவ்வளவையும் ஒருசிலரே செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சனிக்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூடத் தொடர்ந்து வரவில்லை. சங்கத்தின் ஊசிகளை வாங்கிச் சென்ற சிலர் ஊசியையும் திருப்பித் தரவில்லை, காலுறையையும் தரவில்லை. பாலையூற்றிலிருந்தும் சாம்பல்தீவிலிருந்தும் பேருந்தில் வருகிற வயதான அக்காமார் நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்க, நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் வராதது எனக்கு மிகுந்த வேதனை தந்தது. சந்தாவோ பலரிடம் இரண்டாவது ஆண்டாக நிலுவையில் கிடக்கிறது. கண்காட்சிப் படம் எடுக்கும்போது முன்வரிசையில் நின்றவர்களும் அவர்களுள் அடங்குவர்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கண்காட்சி வருமானம் மண்டப வாடகைக்கும் சிற்றுண்டிக்கும் போனது; நூற்செலவின் பெரும்பகுதியை ஓர் அன்பரின் நன்கொடை ஈடுசெய்தது; கையிருப்பு சிறிதளவே உள்ளது.

தலைவர், உபதலைவர், பொருளாளர், கணக்காய்வாளர், மண்டபம் தந்து உதவியோர், தேநீர் வழங்கிய சகோதரிகள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் கிளினிக்குக்கு வருவோருக்கு மாதந்தோறும் காலுறை வழங்க விரும்புகிறோம். இப்போதைய நிலையில் நூல் சில மாதங்களுக்குக்கூடக் காணாது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். காலுறை வகுப்பை மட்டும் நானே தொடர்ந்து நடத்த அனுமதி வேண்டுகிறேன். வகுப்பு வருகிற சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் தொடங்கும். நூல் தரப்படும், ஊசி கொண்டு வரவும். நிலுவைச் சந்தாவைக் கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டுத் தருவார்.

செயலாளர்,
திருகோணமலை.