தட்டை மாத்துனா டிபி நிக்காது, ஜன்னலைத் திறங்க

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கமுங்க.

புதன்கிழமை மதியம் சத்துணவு போடறப்ப மூணாங்கிளாஸ் பாப்பா ஒண்ணு வீட்டுலருந்தே தட்டும் டம்ளரும் கொண்டாந்திருந்துச்சு, ஏன்டா கண்ணு இங்கதான் தட்டு இருக்கேன்னா, "அதுல டிபி ஒட்டியிருக்காம் மிஸ், அம்மா சொன்னாங்க"ங்குது. அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு பேரு போன் பண்ணி, இன்னார் பையனை தள்ளி உக்கார வைங்கன்னாங்க. எந்தப் புள்ளையையும் தள்ளி உக்கார வைக்க மாட்டேன். யார் வீட்டுல நோய்னு என்கிட்ட கேக்காதீங்க.

டிபி தட்டுல, துணியில, தொட்டா வராதுங்க. நுரையீரல் டிபி இருக்கறவங்க இருமி தும்மறப்ப கிருமி காத்துல மிதக்கும், ஜன்னல் சாத்துன ரூம்ல மணிக்கணக்கா நிக்கும், அந்தக் காத்தையே நாள்கணக்கா சுவாசிக்கறவங்களுக்குத்தான் பெரும்பாலும் தொத்தும். நம்ம அஞ்சாங்கிளாஸ் ரூம்ல ரெண்டு ஜன்னல், கொரங்கு வருதுன்னு நாங்களே ஆணி அடிச்சு வெச்சிருந்தோம், அது எங்க தப்புதான், நேத்து புடுங்கிட்டு கம்பி வலை கட்டியாச்சு.

சின்னப் புள்ளைங்க பெரியவங்க மாதிரி கிருமியோட சளியை இருமித் தள்ளறது கம்மி, அதனால அவங்ககிட்டருந்து பரவறதும் ரொம்ப கம்மி. புள்ளைக்கு வர்றதே பெரும்பாலும் வீட்டுப் பெரியவங்ககிட்டருந்துதான். ஆனா நம்ம வீட்டுல தாத்தா இருமுனா பீடி இருமல், அப்பா இருமுனா குவாரி தூசின்னு விட்டுடறோம். கிருஷ்ணகிரி பக்கம் கல்லு அறுக்கப் போறவங்க இதை கவனமா படிங்க, கல் தூசி படிஞ்ச நுரையீரலை டிபி சுலபமா புடிக்கும், சுகர் இருக்கறவங்களையும் அப்படித்தான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி வேர்வை, இடுப்புல பேண்ட் நிக்காத அளவுக்கு இளைப்புன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல சளி குடுங்க, காசு இல்ல.

மாத்திரையும் இலவசந்தான், ஆனா குறைஞ்சது 6 மாசம். ஒண்ணு ரெண்டு மாசத்துலயே உடம்பு தேறிடும், வம்பே அங்கதான். என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போனான், லைன் வீட்டுல ஒரே ரூம்ல எட்டு பேரு, நல்லாத்தானே இருக்கேன்னு ரெண்டாம் மாசமே மாத்திரையை விட்டுட்டான், திரும்ப வந்தப்ப பழைய மருந்து கேக்கல, அப்புறம் அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். வெளியூர் போறவங்க நிக்ஷய் நம்பரை (டிபிக்கு பதிவு பண்றப்ப அரசாங்கம் குடுக்கற நம்பர்) கையோட கொண்டு போங்க, கர்நாடகாவுலயும் அதை வெச்சு மாத்திரை வாங்கலாம். மாத்திரை போட்டா மூத்திரம் செவப்பா போகும், ரத்தம்னு பயந்து நிறுத்திடாதீங்க. டிபி மருந்து சாப்பிடறவங்களுக்கு சத்தா சாப்பிடன்னு அரசாங்கம் மாசம் 1000 ரூபா பேங்க்ல போடறாங்க, 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500தான்.

ஒதுக்கி வைக்கணும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 1956ல நம்ம மெட்ராஸ்லயே ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க, பாதி டிபி நோயாளிங்களை சானடோரியத்துல, அதாவது டிபி ஆஸ்பத்திரியில வெச்சு, பாதிப்பேருக்கு வீட்டுலயே மருந்து குடுத்துப் பாத்தா குணம் கிட்டத்தட்ட ஒண்ணுபோலதான், வீட்டாளுங்களுக்கும் கூடுதலா பரவல. அதுக்கப்புறந்தான் உலகமே வீட்டுல வெச்சே மருந்து குடுக்கற முறைக்கு மாறுச்சு. மருந்து ஒழுங்கா ஆரம்பிச்சாலே கொஞ்ச நாள்ல பரவறது ரொம்ப கொறஞ்சிடும்.

டிபி வந்தவங்க வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் டெஸ்ட் எடுத்துக்கணும், நோய் இல்லாட்டியும் வராம தடுக்க மாத்திரை குடுப்பாங்க. கையில பிசிஜி தடுப்பூசி தழும்பு இருக்குன்னு சும்மா இருக்காதீங்க, அது சின்ன வயசுல மூளைக்குப் போற கடுமையான டிபியைத்தான் தடுக்கும்.

திங்கக்கிழமை 10 மணிக்கு நர்ஸம்மா ஸ்கூலுக்கு வர்றாங்க, சந்தேகத்தை நேர்ல கேளுங்க. அப்புறம் அந்தப் பாப்பாவோட தட்டும் டம்ளரும் கழுவி ஆபீஸ் ரூம்ல வெச்சிருக்கேன், அம்மா வர்றப்ப வாங்கிட்டுப் போங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்