குறையாத இரண்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, கண்தான். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணுக்கு அடுத்த மாதம். இப்போதைக்கு ஒரு வேடிக்கை நடக்கிறது. வலது கண்ணால் மட்டும் பார்த்தால் இந்தத் தாள் லேசாக நீலம் ஓடிய வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் பழைய புத்தகப் பக்கம் மாதிரி மஞ்சள். எது நிஜ வெள்ளை என்று டாக்டரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

உன் மூட்டுவலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மறைக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். முடிவிலாப் பரிமாணத்துக்குப் போனால் எல்லாக் கண்ணியும் (கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பாதை) சுருங்கிப் புள்ளியாகிவிடுகிறதாமே, அப்புறம் அங்கே டோபாலஜிக்கு (எது எதை நெருங்குகிறது, எங்கே ஓட்டை என்று பார்க்கும் கணிதத்துக்கு) என்ன வேலை என்று கேட்டிருந்தாய். இந்த வயதில் இதையெல்லாம் எடுத்துப் படிக்கிறாயே, அதுவே எனக்குச் சந்தோஷம். கேள்வியில் பாதி சரி. மீதிப் பாதி, 'நெருங்குவது' என்று எதைச் சொல்கிறோம் என்பதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரு சொல் தகராறு. ஆபரேட்டரை, அதாவது அணியைப் போல ஒரு வெக்டரை இன்னொரு வெக்டராக மாற்றுவதை, தமிழில் செயலி என்று எழுதுவது உண்டு. இன்று செயலி என்றால் கைப்பேசியில் இறக்கிக்கொள்வது. அதனால் ஆபரேட்டர் என்றே எழுதுகிறேன், கோபிக்காதே.

நாம் இருவரும் சேர்ந்து படித்தது அணிகளோடு நின்றுபோனது. அங்கே தொந்தரவே கிடையாது. மூன்றுக்கு மூன்று அணிகள் வரிசையாக ஓர் அணியை நெருங்குகின்றன என்றால் ஒன்பது உறுப்புகளும் அதனதன் இடத்தில் நெருங்குகின்றன, அவ்வளவுதான். எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் விடை மாறாது. ஹில்பர்ட் வெளியின் (நீளமும் உட்பெருக்கமும் உள்ள வெக்டர் வெளியின்) பரிமாணம் முடிவிலி ஆனதும் இந்த நிம்மதி போய்விடுகிறது. நார்ம் (ஆபரேட்டர் ஒரு வெக்டரின் நீளத்தை அதிகபட்சம் எத்தனை மடங்காக்கும் என்ற அளவு) வழியில் நெருக்கம் என்றால், நீளம் 1 உள்ள எல்லா வெக்டர்களிலும் ஒரே சமயத்தில் வித்தியாசம் சிறிதாக வேண்டும். அடுத்தது வலு டோபாலஜி: வெக்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் போதும், ஒவ்வொன்றும் தன் வேகத்தில் நெருங்கலாம். மெலி டோபாலஜியில் அதுகூட வேண்டாம், உட்பெருக்கம் எடுத்தால் வரும் எண்கள் நெருங்கினால் போதும். (வலு என்று பெயர் வைத்ததுதான் குழப்பம். நார்மோடு ஒப்பிட்டால் அது மெலிந்தது.) 1930-இல் வான் நாய்மன் ஆபரேட்டர் இயற்கணிதங்களைப் பற்றி எழுதியபோதே இந்தப் பிரிவினை வந்துவிட்டது. இன்னும் சில டோபாலஜிகள் உண்டு, அவற்றை விட்டுவிடுகிறேன்.

இதில் நான் ஒருமுறை வகுப்பில் வகையாக மாட்டிக்கொண்டேன். யூனிட்டரி ஆபரேட்டர் என்றால் நீளத்தை மாற்றாமல், வெளியில் ஓர் இடத்தையும் காலியாக விடாமல், எல்லாவற்றையும் இடம் மாற்றுவது என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவை வரிசையாக வலு டோபாலஜியில் ஒன்றை நெருங்கினால் அந்த எல்லையும் யூனிட்டரிதான் என்று பலகையில் எழுதினேன். நீளம் மாறாது, அதனால் சரி என்று ஒரு வரிக் காரணமும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

அவள் சொன்னது இதுதான். முடிவில்லாமல் நீளும் நாற்காலி வரிசை, ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் ஆள். முதல் பத்துப் பேர் மட்டும் ஆளுக்கு ஓர் இடம் தள்ளி உட்காரட்டும், பத்தாமவர் சுற்றிவந்து முதல் நாற்காலியில் உட்காரட்டும். பதினொன்றாமவர் முதல் யாரும் அசைய வேண்டாம். நாற்காலிகளை அடிப்படை வெக்டர்களாக வைத்துக்கொண்டால் இது ஒரு யூனிட்டரி. அடுத்து நூறு பேரோடு செய், அப்புறம் ஆயிரம் பேரோடு. ஏழாவது நாற்காலிக்காரரை மட்டும் கவனி: பத்தானாலும் நூறானாலும் ஆயிரமானாலும் அவர் எட்டாவதுக்குத்தான் போகிறார். யாரை எடுத்தாலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு இதே கதைதான். ஆக எல்லையில் கிடைப்பது, எல்லாரும் ஓர் இடம் தள்ளி உட்காரும் ஆபரேட்டர். அதை நகர்த்தி என்று வைத்துக்கொள்வோம். நீளம் மாறவில்லைதான். ஆனால் முதல் நாற்காலி காலி! அது யூனிட்டரி இல்லை.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், காது மட்டும் சூடாகிவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து அதே உதாரணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுழற்சியைப் பின்னோக்கி ஓடவிட்டால் முதல் நாற்காலிக்காரர் பத்தாவதுக்குப் போகிறார், அப்புறம் நூறாவதுக்கு, அப்புறம் ஆயிரமாவதுக்கு. எங்கும் நிலைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறார். மெலி டோபாலஜியில் அவர் பூச்சியத்தை நெருங்குகிறார், வலு டோபாலஜியில் எதையும் நெருங்கவில்லை. ஓர் ஆபரேட்டரிலிருந்து அதன் அட்ஜாயின்டுக்கு (யூனிட்டரிக்கு அது பின்னோக்கிய ஓட்டம்தான்) போவது இத்தனை எளிய காரியம், அதுவே வலு டோபாலஜியில் தொடர்ச்சியானது இல்லை.

நார்மில் அளந்தால்? பத்தாயிரம் பேர் சுழன்றாலும், கோடிப் பேர் சுழன்றாலும், சுழற்சிக்கும் நகர்த்திக்கும் உள்ள தூரம் சரியாக 2. சுழற்சி தொடாத வால்பகுதிக்குப் போய், கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று குறி மாறி மாறி வரும் ஒரு நீளமான வெக்டரை எடுத்துக்கொள். சுழற்சி அதை அப்படியே விட்டுவிடுகிறது. நகர்த்தியோ ஓர் இடம் தள்ளுவதால், இரு முனைகள் நீங்கலாக, அதன் குறியையே மாற்றிவிடுகிறது. வித்தியாசம் வெக்டரின் நீளத்தைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு, குறி மாறும் வரிசை நீள நீள அந்த மடங்கு 2-ஐ நெருங்குகிறது.

இதைப் பார்த்துவிட்டு நார்ம்தான் நேர்மையானது, மற்றதெல்லாம் ஏமாற்று என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு. மெய்யெண் கோடு முழுவதன் மேலும் உள்ள சார்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் வலப்பக்கம் துளி தூரம் தள்ளு. எவ்வளவு சின்னத் துளியாக இருந்தாலும், எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதற்கும் இதற்கும் நார்மில் தூரம் அதே 2. வேகமாக ஏறி இறங்கும் சார்பை எடுத்தால் அந்தத் துளித் தள்ளலே குறியை மாற்றிவிடும். அதாவது மெதுவாக நகர்வதைக்கூட நார்ம் தாவலாகத்தான் பார்க்கிறது. குவாண்டம் இயற்பியலில் ஒரு நிலை காலத்தோடு மாறுவதும் இந்த ரகம்தான். ஆற்றல் ஆபரேட்டருக்கு வரம்பு இல்லையென்றால் அந்த மாற்றம் வலு டோபாலஜியில்தான் தொடர்ச்சி, நார்மில் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டோனின் தேற்றம் இந்த வலுத் தொடர்ச்சியின் மேல்தான் நிற்கிறது. நார்ம் மட்டும் போதும் என்று அடம்பிடித்தால் தனியாகப் பறக்கும் ஓர் எலக்ட்ரானைக்கூட விவரிக்க முடியாது.

இனி உன் சுருங்கும் கண்ணிகள். அணிகளில் யூனிட்டரிக்கு டிடர்மினன்ட் (அணிக்கோவை) உண்டு, அது அலகு வட்டத்தின் மேல் இருக்கும். கண்ணி ஒன்று போட்டால் டிடர்மினன்ட் வட்டத்தை எத்தனை தடவை சுற்றியது என்று எண்ணலாம், எப்படி இழுத்தாலும் அந்த எண் மாறாது. முடிவிலாப் பரிமாணத்தில் டிடர்மினன்ட் இல்லை. வலு டோபாலஜியில் யூனிட்டரிக் குழு (எல்லா யூனிட்டரிகளும் சேர்ந்தது) முழுக்கவே புள்ளியாகச் சுருங்கும் என்று டிக்ஸ்மியேவும் துவாதியும் 1963-இல் காட்டினார்கள். நார்மிலும் சுருங்கும் என்பதுதான் கடினம். அதை 1965-இல் நிறுவியவர் டச்சுக்காரரான நிக்கோலாஸ் கைப்பர். நீ படித்தது அவருடைய தேற்றமாகத்தான் இருக்கும்.

அவருடைய நிறுவலின் முதல் பாதி உழைப்பு. வெளியின் முடிவிலாப் பகுதி ஒன்றில் ஒன்றும் செய்யாத யூனிட்டரியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இரண்டாம் பாதி சுத்தமான தில்லுமுல்லு, எனக்குப் பிடித்தது அதுதான். பள்ளியில் 1 − 1 + 1 − 1 என்று முடிவில்லாமல் எழுதி, அடைப்பை ஒருமுறை இப்படிப் போட்டால் 0, அப்படிப் போட்டால் 1 என்று வாத்தியாரைச் சீண்டுவாயே, அதே வேலை. வெளியை அறை அறையாகப் பிரி: முதல் அறையில் யூனிட்டரி, அதன் பிறகு ஒன்றும் செய்யாத அறைகள் முடிவில்லாமல் இருக்கின்றன. இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றில் யூனிட்டரியின் தலைகீழும் (அது செய்ததை அப்படியே திருப்பிவிடுவது) அடுத்ததில் யூனிட்டரியும் வரும்படி திருப்பு. இப்போது அறைகளில் யூனிட்டரி, தலைகீழ், யூனிட்டரி, தலைகீழ் என்று வரிசை. ஜோடியை ஓர் அறை தள்ளிப் போட்டுத் திரும்பவும் திருப்பினால் எல்லாம் அடிபட்டுப் போகிறது, மிச்சம் ஒன்றுமில்லை. எண்களில் செல்லாத அதே ஏமாற்று இங்கே செல்லுபடியாகிறது. காரணம், எல்லா ஜோடிகளும் ஒரே கோணத்தில் ஒரே நேரத்தில் திரும்புகின்றன, அதனால் நார்மிலும் தொடர்ச்சி அறுவதில்லை.

அப்படியானால் கண்ணியைச் சுருங்க விடாமல் தடுத்த ஓட்டைகள் எங்கே போயின? வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டன. ஃப்ரெட்ஹோம் ஆபரேட்டர் என்று ஒரு வகை உண்டு. அது பூச்சியமாக்கும் பகுதியும், அதற்கு எட்டாமல் விட்டுப்போகும் பகுதியும் முடிவுள்ள பரிமாணத்தில் அடங்க வேண்டும் (வீச்சு, அதாவது அது எட்டும் பகுதி, மூடியதாக இருக்க வேண்டும் என்பது தானே வந்துவிடும்). முன்னதன் பரிமாணத்திலிருந்து பின்னதைக் கழித்தால் வருவது இன்டெக்ஸ். சதுர அணிகளில் இது எப்போதும் 0, அதனால்தான் நம் பாடத்தில் இந்தப் பேச்சே வரவில்லை. நகர்த்தி யாரையும் அழிப்பதில்லை, ஒரு நாற்காலியைக் காலியாக விடுகிறது, இன்டெக்ஸ் −1. இரண்டு முறை நகர்த்தினால் −2. ஃப்ரெட்ஹோமாகவே இருந்துகொண்டு நார்மில் தொடர்ச்சியாக நகரும்வரை இந்த எண் மாறவே மாறாது. ஃப்ரெட்ஹோம் ஆபரேட்டர்கள் முழு எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவாகப் பிரிந்து கிடக்கின்றன. நம் சுழற்சிகளின் இன்டெக்ஸ் 0, நகர்த்தியுடையது −1. வலு டோபாலஜி ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தமில்லாமல் கடந்துபோய்விட்டது பார். நார்மில் அந்தத் தூரம் 1-க்குக் கீழே இறங்கியிருந்தால் நகர்த்திக்கும் தலைகீழ் இருந்திருக்கும். அதனால் அந்த 2 குறையாமல் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

இதற்கு மேலும் உண்டு. தீவுகளுக்குள்ளேயும் உயர்பரிமாண ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு காம்பாக்ட் வெளியிலிருந்து (கோளம் போல அடக்கமானது) ஃப்ரெட்ஹோம் ஆபரேட்டர்களுக்குப் போகும் தொடர்ச்சியான சார்புகளை, ஒன்றை இன்னொன்றாகத் தொடர்ச்சியாக மாற்ற முடிந்தால் இரண்டையும் ஒன்றாகவே கொண்டு, எண்ணினால் அந்த வெளியின் கே-கோட்பாடே (வெளியின் மேல் உள்ள வெக்டர் கற்றைகளின் கணக்கு) கிடைத்துவிடுகிறது என்று 1960-களில் அட்டியாவும் யேனிஷும் காட்டினார்கள். அதற்குக் கைப்பரின் தேற்றம் தேவைப்படுகிறது. எல்லாம் சுருங்கிவிட்டதே என்று நீ அலுத்துக்கொண்டாய் இல்லையா, அது சுருங்கியதால்தான் இந்தக் கணக்கு நடக்கிறது.

போதும், கண் கூசுகிறது. உனக்கு ஒரு கணக்கு வைக்கிறேன், புத்தகத்தைப் புரட்டாமல் போடு. முதல் நாற்காலி வெக்டரை 1-இன் வர்க்கமூலத்தால் பெருக்கு, இரண்டாவதை 2-இன் வர்க்கமூலத்தால், மூன்றாவதை 3-இன் வர்க்கமூலத்தால், இப்படியே. மெலி டோபாலஜியில் பூச்சியம் இந்த வெக்டர்களின் கூட்டத்துக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் இவற்றிலிருந்து பொறுக்கி எடுக்கும் எந்தத் தொடர்வரிசையும் பூச்சியத்தை அடையாது. முதல் பாதிக்கு ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொள். இரண்டாம் பாதிக்குக் குறிப்பு கிடையாது.

அடுத்த மாதம் இடது கண் முடிவதற்குள் விடையை அனுப்பு. மூட்டைப் பற்றியும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்