புது டயர் மாட்டியதும் சக்கரம் ஆடுவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய டயர் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கியதும் புதிது வாங்கி மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் ஏறினால், தெருமுனை தாண்டுவதற்குள் இருக்கை துள்ளுகிறது, அல்லது முன்சக்கரம் இடமும் வலமுமாக நெளிந்து கைப்பிடியை அசைக்கிறது என்ற குறையோடு எங்கள் தண்டையார்பேட்டைக் கடைக்கு வருகிறவர்கள் பலர். ரிம் வளைந்துவிட்டது என்று தாங்களே முடிவு செய்து, வழியிலேயே யாரிடமாவது கோட்டம் எடுக்கச் சொல்லி, ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கிய பிறகு வருகிறவர்களும் அவர்களில் உண்டு. நேராக இருந்த ரிம்மை டயரின் ஆட்டத்துக்கு ஏற்றபடி இழுத்துவிட்டால், டயர் சரியாக உட்கார்ந்த பிறகும் சக்கரம் ஆடும்; அதற்குப் பிறகு மெய்யாகவே கோட்டம் எடுக்க வேண்டிவரும். இந்த வீண் செலவைத் தவிர்க்கவே இந்த மடல். டயர் மாற்றுவதற்கு முன் ஒழுங்காக ஓடிய சக்கரம் மாற்றிய பின் ஆடுகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது டயர் ரிம்மில் உட்கார்ந்திருக்கும் விதத்தைத்தான். ஸ்போக்ஸ் பக்கம் கை போவது கடைசியாக இருக்கட்டும்.

டயரின் இரண்டு ஓரங்களிலும் ரப்பருக்குள் ஒரு கம்பி வளையம் ஓடுகிறது. காற்று ஏற ஏற டியூப் உப்பி அந்த ஓரங்களைப் பக்கவாட்டில் தள்ள, அவை ரிம்மின் நடுப்பள்ளத்தை விட்டு ஏறி விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரே உயரத்தில் அமர வேண்டும். புது ரப்பர் காய்ந்த நிலையில் ரிம்மைப் பற்றிக்கொள்வதால், ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் ஓரம் மேலேறாமல் நின்றுவிடுவது உண்டு. அங்கே இரண்டு ஓரமும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஒரு முறை துள்ளும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் டயர் பக்கவாட்டில் நெளிந்து ஓடும். ஓட்ட ஓட்டத் தானாகச் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மடித்துக் கட்டி வைத்திருந்த டயரில் ரப்பர் கொண்ட சிறு சுருக்கம் சில நாளில் சரியாகும் என்பது உண்மை. ஆனால் ஏறாத ஓரம் ஓட்டத்தால் ஏறும் என்று காத்திருக்கக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. டயரின் பக்கச் சுவரில், ரிம்மின் விளிம்புக்குச் சற்று மேலே, மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி முழுச் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இரண்டு பக்கமும் பாருங்கள். கோடு ரிம்முக்குள் மறையும் இடம் தாழ்ந்த இடம். அளவுக்கு மீறி வெளியே தெரியும் இடம் எழும்பிய இடம். தாழ்ந்த இடம் ஓட்டத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். எழும்பிய இடம் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே டயர் ரிம்மை விட்டுக் கழன்று டியூப் வெளியே பிதுங்கி வெடிக்கக்கூடும். அப்படிக் கண்டால் அந்த நொடியே காற்றை இறக்கிவிடுங்கள்.

எழும்பிய இடம் பெரும்பாலும் டியூப் நசுங்குவதால் வருவது. டயரின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் மாட்டிக்கொண்டாலும், வால்வின் அடியில் உள்ள தடித்த ரப்பர் ஓரத்தின் கீழே சிக்கிக்கொண்டாலும் அந்த இடம் எழும்பி நிற்கும். ஆகவே காற்றடிப்பதற்கு முன் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு வெளியே இழுத்துவிட வேண்டும். டயரைக் கட்டைவிரலால் ஒதுக்கிச் சுற்றிலும் இரண்டு பக்கமும் பார்த்து, டியூப் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டு நிமிட வேலை, ஆனால் புது டியூபைக் காப்பாற்றுவது இதுதான்.

தாழ்ந்த இடத்தைச் சரிசெய்வது கடினமன்று. காற்றை முழுவதும் இறக்கி, டயரைச் சுற்றிலும் உள்பக்கமாக அமுக்கி ஓரங்களை ரிம்மிலிருந்து பிரித்து, சோப்பு கரைத்த நீரைத் துணியில் நனைத்து இரண்டு ஓரங்களிலும் தடவுங்கள். பாதி அளவு காற்றடித்து, தாழ்ந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கம் இழுத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஏற்றி, டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள உச்ச அளவு வரைக்கும் போகலாம். ஓரம் ஏறும்போது பல சமயம் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்கும். அமர்ந்த பிறகு ஓட்டுவதற்கு வேண்டிய அளவுக்குக் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். சோப்பு நீருக்குப் பதில் தேங்காய் எண்ணெயோ கிரீஸோ மண்ணெண்ணெயோ தடவ வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம். சோப்பு நீர் காய்ந்துவிடும். எண்ணெய்ப் பசை உள்ளேயே தங்கி ரப்பரைக் கெடுப்பதோடு, பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் நழுவி வால்வை அறுத்துவிடும். பெட்ரோல் பங்க்கில் உள்ள கம்ப்ரஸரும் இந்த வேலைக்கு ஏற்றதன்று. கார் டயருக்கென அமைந்த வேகத்தில் காற்று பாய்வதால், எங்கே தாழ்ந்திருக்கிறது, எங்கே எழும்புகிறது என்று பார்ப்பதற்குள் டியூப் வெடித்துவிடும். கை பம்ப் போதும்.

மேலே சொன்னது இறுக்கமாகப் பிடிக்கும் புதுவகை அலுமினிய ரிம்களுக்கு நன்கு பொருந்தும். காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் மீன் கூடையும் தண்ணீர் கேனும் சுமந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற 28 அங்குலக் கறுப்பு வண்டிகளின் இரும்பு ரிம்மில் கதையே வேறு. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஊர் அறிந்த வண்டி அது. அதில் டயர் தளர்வாகவே ஏறும்; ஏறுவது எளிது என்பதாலேயே அது கோணலாக உட்காருவதும் எளிது. அங்கே காற்றை ஒரேயடியாக ஏற்றக் கூடாது. டயர் உருவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, கையாலேயே டயரை நகர்த்தி நடுவில் நிறுத்தி, கோடு சீரான பிறகுதான் மீதிக் காற்றை ஏற்ற வேண்டும்.

கடற்கரையை ஒட்டி வாழும் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றாலும், மீன் கூடையிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீராலும் இரும்பு ரிம்மின் உள்பக்கம் துருப்பிடித்துச் செதில் செதிலாக எழும்பும். அந்தச் செதிலின் மேல் எவ்வளவு நல்ல டயரை மாட்டினாலும் சீராக அமராது. ஸ்போக்ஸ் முனைகள் டியூபில் படாமல் ரிம்மின் உள்ளே சுற்றியிருக்கும் ரிம் டேப்பும் அங்கே கிழிந்து டியூபில் பஞ்சர் விழும். பழைய டயரைக் கழற்றிய கையோடு துருவை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, புது ரிம் டேப் போட்ட பிறகே புது டயரை மாட்டுங்கள். எங்கள் கடையில் இதற்கென்று சற்று நேரம் எடுத்துக்கொள்கிறோம். காத்திருக்கும்படி சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வெளியில் டயர் வாங்கி வந்து எங்களிடம் மாட்டச் சொல்கிறவர்கள் அங்குலக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். 28 அங்குலம் என்று இருவகை டயர்கள் விற்கின்றன. பழைய கறுப்பு வண்டியின் 28 x 1½ டயர் 635 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்முக்கு உரியது. ஹைபிரிட் வண்டிகளின் டயர் 622 மில்லிமீட்டருக்கு உரியது. முன்னதைப் பின்னதில் போட்டால் 13 மில்லிமீட்டர் தளர்வு இருக்கும். எவ்வளவு சோப்பு தடவினாலும் அந்த ஆட்டம் போகாது, காற்று ஏறியதும் டயர் கழன்றும் போகலாம். 26 அங்குலத்திலும் அப்படியே: 26 x 1⅜ என்பது 590, 26 x 1.95 என்பது 559. டயரின் பக்கத்தில் 37-590 என்பது போல் சிறு எழுத்தில் இருக்கும் எண்களில் இரண்டாவது பழைய டயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கோடு இரண்டு பக்கமும் சீராக இருந்தும் ஆட்டம் நீடித்தால், அப்போது ரிம்மைப் பார்க்கலாம். ஒரு சாக்குக்கட்டியை ஃபோர்க்கின் மேல் ஊன்றி, அதன் முனையை ரிம்முக்கு மிக அருகில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் ஓரிடத்தில் மட்டும் முனையில் உரசி மற்ற இடங்களில் விலகினால் கோட்டம் உண்டு. உரசாமல் ஒரே இடைவெளியில் ஓடினால் ரிம் நேர், குறை பெரும்பாலும் டயரில்தான். அதையும் உறுதி செய்ய ஒரு வழி உண்டு. ஆடும் இடத்தில் டயரின் மேல் சாக்குக்கட்டியால் குறியிட்டு, காற்றை இறக்கி, டயரை மட்டும் அரைச் சுற்று நகர்த்தி மறுபடி காற்றடியுங்கள். ஆட்டம் குறியோடு சேர்ந்து நகர்ந்தால், டயரின் மேல்பட்டை ஆலையிலேயே கோணலாகப் பதிந்திருக்கிறது, அல்லது ஓரக் கம்பி மடங்கியிருக்கிறது. இரண்டுமே சரியாகாது, டயரை மாற்றத்தான் வேண்டும். ஆட்டம் பழைய இடத்திலேயே நின்றால் வால்வு, ரிம் டேப், துரு ஆகியவற்றை மீண்டும் பாருங்கள். சக்கரத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது அச்சிலேயே லொடலொடவென்று அசைந்தால் அது ஹப்பின் கோன் (சக்கர நடுவில் பால்ரஸ் குண்டுகளைத் தாங்கும் திருகு) தளர்வு, டயருக்குச் சம்பந்தமில்லாதது. சாதாரண டயரில் ஓரிரு மில்லிமீட்டர் நெளிவு இருப்பது இயல்பே. ஓட்டத்தில் தெரியாத ஆட்டத்துக்காக மனம் வருந்த வேண்டாம்.

எங்கள் கடையில் மாட்டிய டயர் ஆடினால், ஸ்போக்ஸைத் தொடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். கழற்றி மாட்டிக் கொடுப்பதற்குக் கூலி வாங்குவதில்லை. டயரிலேயே குறை என்று தெரிந்தால் மாற்றித் தருகிறோம். பக்கச் சுவரில் கொப்புளம் போல் வீங்கியிருந்தாலோ, கோடு ஓரிடத்தில் எழும்பியிருந்தாலோ, காற்றை இறக்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அப்படிப்பட்ட சக்கரத்தின் மேல் ஏறி வர வேண்டாம். அந்தப் பக்கமிருந்து வரும் வாடிக்கையாளர்கள் சக்கரத்தை மட்டும் கழற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாலும் போதும்.

இங்ஙனம்,
உங்கள் மிதிவண்டிக் கடையார்,
தண்டையார்பேட்டை, வடசென்னை