கூடங்குளம் பற்றி ரோசலிக்கு

தூத்துக்குடி

அன்புள்ள ரோசலி,

உன் கடிதம் வந்தது. மருமகளுக்கு வேலை நிரந்தரமானதில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவள் மாசியில் பிரசவத்துக்கு வருகிறாள்.

நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்ததைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கூடங்குளத்தில் இன்னும் உலைகள் கட்டுகிறார்களே, "இத்தனை வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நீ, இடிந்தகரையில் பிறந்த எனக்கு நேராகச் சொல், இது வேண்டுமா?" என்று கேட்டிருந்தாய்.

வேண்டும் என்றுதான் நினைக்கிறேன் ரோசலி. இப்போது நடத்துகிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இருப்பது அனல்மின் நிலையம் உள்ள ஊரில். 1979-இலிருந்து இங்கே நிலக்கரி எரிகிறது. சாம்பலும் புகையும் யாரையும் ஒரே நாளில் சாய்ப்பதில்லை, அதனால் செய்தியாவதும் இல்லை. ஒரு டெராவாட் மணி, அதாவது நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரியால் சுமார் 25 பேர் சாகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். செர்னோபில், ஃபுகுஷிமா உலை விபத்துகளையும் சேர்த்தாலும் அணுமின்னுக்கு அது ஒன்றுக்கும் மிகக் கீழே. காற்றாலையும் சூரிய ஒளியும் அதே அளவு பாதுகாப்பானவை, மறுக்கவில்லை. ஆனால் காற்றாலைகள் நிற்கிற முப்பந்தலில் காற்று வைகாசி, ஆனியில் அடிக்கிற மாதிரி மார்கழியில் அடிக்காது. அந்த நேரத்தில் நிலக்கரியை விட்டால் வேறு எது? 2012-இல் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த வருஷம் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த பாடு எனக்கு மறக்காது.

சரி, ஃபுகுஷிமா. அதை நினைத்துத்தான் உன் அண்ணன்மார் பயப்படுகிறார்கள். ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்ததும் அந்த நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தானாகவே நின்றுவிட்டன. உலை நின்றாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது, நாள்கணக்கில் தண்ணீர் ஓடவேண்டும். நிலநடுக்கத்தில் வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனது. அப்புறம் கடல் ஏறி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பம்புகள் நின்றன, எரிபொருள் உருகியது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தால் சூட்டை வெளியேற்றும் அமைப்பும், உருகினால் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு தொட்டியும் இருக்கின்றன. அந்த வகையில் அது ஃபுகுஷிமாவை விடப் பிற்காலத்து வடிவமைப்பு.

ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. அதே ஜப்பானில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில் ஒனகவா அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கேயும் 13 மீட்டர் அலை வந்தது. நிலையம் கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத்தில் இருந்ததால் பத்திரமாக நின்றது. வீடிழந்த ஊர்க்காரர்கள் அந்த நிலையத்துக்குள்ளேயே போய்த் தங்கினார்கள்! உயரத்தில்தான் கட்டவேண்டும் என்று ஹிராய் யனோசுகே என்ற பொறியாளர் பிடிவாதமாக நின்றதன் பலன் அது. ஃபுகுஷிமாவிலோ 30 மீட்டருக்கு மேல் இருந்த மேட்டை 10 மீட்டருக்கு வெட்டிக் கட்டினார்கள். 15 மீட்டருக்கு மேல் அலை வரலாம் என்று 2008-இலேயே அந்த நிலையத்தை நடத்திய கம்பெனிக்குள் கணக்குப் போட்டும், கடல் தடுப்புச் சுவரை உயர்த்தவில்லை. இயற்பியல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒரு இடத்தில் எச்சரித்தவன் சொல் எடுபட்டது, இன்னொரு இடத்தில் எடுபடவில்லை.

அதனால்தான் நம் ஊர் விஷயத்தில் எனக்குக் கோபம். கேள்வி கேட்ட மீனவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்கள். 2019-இல் கூடங்குளம் நிலையத்தின் கணினியில் ஊடுருவல் என்று செய்தி வந்தபோது முதல் நாள் இல்லவே இல்லை என்றார்கள், அடுத்த நாள் நிர்வாகக் கணினி ஒன்றில் இருந்தது என்று ஒத்துக்கொண்டார்கள். உலைக்கு ஆபத்தில்லை என்பது உண்மைதான். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? அணுமின் நிலையங்களைக் கண்காணிக்கிற வாரியம் தனிச் சட்டத்தின் கீழ் சுதந்திரமாக இயங்கவில்லை என்று 2012-இல் தணிக்கை அறிக்கையே குறை சொன்னது. எரிந்த எரிபொருளுக்கு ஆழ்நிலக் கிடங்கு சீக்கிரம் வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பின்லாந்துக்காரர்கள் பாறைக்குள் 400 மீட்டருக்குக் கீழே அதைத் தோண்டியே விட்டார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் காக்கவேண்டிய பொருளை உலைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த கிராம சபையில் உன் அண்ணன் எழுந்து கேட்கட்டும். கதிர்வீச்சு கசிந்தால் விழுங்க வேண்டிய அயோடின் மாத்திரை எங்கே இருக்கிறது, யார் கொடுப்பார்கள், ஊரை விட்டு வெளியேற எந்த ரோடு, கட்டுமரத்தில் போனவர்களுக்கு எப்படித் தகவல் போகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல். மனு எழுதுவதற்கு நான் உதவுகிறேன், தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதித் தருகிறேன். முன்பு கொடுத்த மனுக்களின் நகல் வீட்டில் இருந்தால் அனுப்பி வை.

அன்புடன்,
தங்கம்