ஸ்கேன் ரூம் அண்ணாவுக்கும் கூட நின்ன எல்லாருக்கும்

பாப்பா நேத்து வலது கையால கிலுகிலுப்பைய பிடிச்சுட்டா. ஒரு செகண்டுதான், உடனே கீழ போட்டுட்டா, ஆனா பிடிச்சா. அதுக்கப்புறம் எந்த வேலையும் ஓடல, அதான் எழுத உக்காந்துட்டேன். பச்சக்குழந்தையா இருக்கும்போதே பாப்பாவுக்கு பக்கவாதம் வந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், மறுபடி அதுக்குள்ள போகல.

ஸ்கேன் ரூம் அண்ணா, முதல்ல உங்களுக்குதான். எம்ஆர்ஐன்னா அசையாம படுக்கணுமே, மயக்க மருந்து போடுவாங்களோன்னு நான் நடுங்கிட்டு நின்னப்போ "வயிறு நிறைய பால் குடுங்கம்மா, தூக்கத்துலயே எடுத்துடலாம்"னீங்க. சட்டையில இருந்த பிரஸ் பட்டன பாத்து அத மாத்த சொல்லி, காதுக்கு குட்டியா அடைப்பு வெச்சு, துணில இறுக்க சுத்தி நீங்களே தூக்கிட்டு போனீங்க. மெஷின் தடதடன்னு ஆரம்பிச்சதும் முழிச்சு வீல்னு கத்திட்டா. சரி, ஊசிதான்னு நினைச்சேன். நீங்க திரும்ப கொண்டுவந்து என் மடில போட்டு "மறுபடி குடுங்க, அவசரம் இல்ல"ன்னீங்க. அவசரம் இல்லையாம்! வெளிய அவ்ளோ பேர் வெயிட்டிங், ஒருத்தர் கதவையே தட்டிட்டார், நீங்க தலைய மட்டும் நீட்டி "குழந்தை தூங்குது சார்"னு சொல்லிட்டு லைட்ட குறைச்சு ஓரமா ஸ்டூல்ல உக்காந்துட்டீங்க. படத்துல என்ன தெரிஞ்சுதுன்னு கடைசி வரை வாயே தொறக்கல. அதுவும் நல்லதுதான், பக்கவாதம்ங்கறத டாக்டர் சொல்லி, பக்கத்துல வீட்டுக்காரர் இருக்கும்போது கேட்டதாலதான் தாங்க முடிஞ்சுது.

அப்புறம் எல்லாருக்கும். வலது கை மட்டும் ஒரே தாளத்துல வெட்டினப்போ மெதுவா பிடிச்சு பாத்து, பிடிச்சும் நிக்கலன்னதும் இது வெறும் நடுக்கம் இல்ல ஃபிட்ஸ்னு ஓடின என்ஐசியூ (பச்சக்குழந்தைங்க ஐசியூ) சிஸ்டர், என் ரத்தத்துல இருக்கற, ரத்தத்த கட்டியாக்கற ஒரு ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா அவளுக்கு போயிருக்கலாம்னு சொன்ன கையோட "உங்க தப்பு எதுவும் இல்ல, அவ உடம்புல அது மாசம் போகப்போக தானா குறைஞ்சுடும்"னு சொன்ன ரத்த டாக்டர், எனக்கு அந்த ஆன்டிபாடி டெஸ்ட 12 வாரம் கழிச்சு திரும்ப எடுக்கணும்னு நச்சரிச்ச நாத்தனார், ஒரு வயசுக்குள்ள ஒரு கையையே யூஸ் பண்ணா விடாதீங்கன்னு பயிற்சி சொல்லிக்குடுக்கற பிசியோ மேடம், நடுராத்திரி மெசேஜுக்கு பதில் போட்ட அம்மாக்கள், எல்லாருக்கும் நன்றி.

ரெண்டாவது டெஸ்டும் பாசிட்டிவ். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்னு, அதாவது அந்த ஆன்டிபாடியால வர்ற நோய்னு, எழுதியே குடுத்துட்டாங்க. அஞ்சாம் மாசத்துல போன எங்க முதல் குழந்தைக்கும் இதுதான் காரணமா இருக்கலாமாம். அப்போ யாரும் இந்த டெஸ்ட எழுதல. கோவம் வருது, வந்து என்ன பண்ண. இனி இன்னொன்னுன்னா (வீட்டுக்காரர் இப்பவே முறைக்கிறார்) ஆரம்பத்துலயே ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின், ஹெப்பாரின் ஊசின்னு டாக்டர் சொல்ற எல்லாத்தையும் போட்டுப்பேன். குழந்தை தங்காம போச்சுன்னு யார் என்கிட்ட அழுதாலும் இந்த டெஸ்ட் பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்கன்னு சொல்லாம விடமாட்டேன்.

அடுத்த ஸ்கேன் எப்போன்னு இன்னும் சொல்லல அண்ணா. உங்க ஷிஃப்ட் எதுன்னு ரிசப்ஷன்ல கேட்டு வெச்சுட்டேன்.