மருந்தைக் குறைத்ததற்கு ஏன் பயப்படுகிறாய்?

மலருக்கு அம்மா எழுதுவது.

டாக்டர் குட்டிப் பையனின் மருந்தைக் குறைத்துவிட்டாராம், நீ ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் அம்மா இத்தனை வருஷம் பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் என்பது ஊருக்கெல்லாம் நினைவிருக்கிறது, உனக்குத்தான் இல்லை. சரி, விடு.

குறைத்தது நல்லதற்குத்தான். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழி அவனுக்கு அடைத்திருக்கிறது. வயிற்றில் இருந்தபோது திறந்திருந்த சின்ன ரத்தக் குழாய் வழியாகத்தான் இப்போது அங்கே ரத்தம் போகிறது. பிறந்த பிறகு அது தானாக மூடப் பார்க்கும். மூடவிடாமல் வைத்திருப்பது அந்த மருந்து, புரோஸ்டாகிளாண்டின். மூட ஆரம்பித்ததைத் திறக்கத்தான் கூடுதல் அளவு வேண்டும். கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.05 மைக்ரோகிராம், சில சமயம் 0.1 வரைக்கும் போவார்கள். திறந்த பிறகு பெரும்பாலும் 0.01 போதும். அதற்கு மேல் கொடுத்தால் லாபம் இல்லை, தொல்லைதான்: காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு விட்டுவிட்டு நிற்கும். அவன் முதல் நாள் மூச்சை நிறுத்தியது அதனால்கூட இருக்கலாம்.

எடை குறைந்ததற்கும் அழுதாயாமே. அனேகமாக எல்லாக் குழந்தைக்கும் முதல் வாரத்தில் இறங்கும். பெரும்பாலும் பிறந்த எடையை வைத்தேதான் மருந்துக் கணக்கு போடுவார்கள். அவன் 2.8 கிலோ, 0.05 என்றால் மணிக்கு 8.4 மைக்ரோகிராம். ஒரு புள்ளி தள்ளிப் போனால் பத்து மடங்கு ஆகிவிடும். அதனால்தான் இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகப் போட்டுச் சரிபார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நிற்காதே.

கவனிக்க வேண்டியது மருந்து ஏற்றுகிற பம்ப்பைத்தான். இந்த மருந்து உடம்பில் சில நிமிஷம்தான் தங்கும், நின்றால் குழாய் மூட ஆரம்பித்துவிடும். பம்ப் கத்தினால் நீ எதையும் தொடாதே, உடனே நர்ஸைக் கூப்பிடு. ஊசி போட்ட இடம் வீங்கினாலும் கூப்பிடு. ஆக்சிஜனைக் கூட்டுங்கள் என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதே; அவனுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 75 முதல் 85 சதவீதம் வரை இருந்தால் போதும், ஆக்சிஜன் கூடினாலே அந்தக் குழாய் சுருங்கப் பார்க்கும்.

மணிக்கு மணி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறாயாமே. வார்டு சிஸ்டரே உன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாராம், மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமைதான். ஆனால் நீ சாப்பிட்டதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்?

மாசமாக இருந்தபோது நீ என்ன சாப்பிட்டாய், என்ன மாத்திரை போட்டாய் என்று யாரோ கேட்டதாகக் காதில் விழுந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. அந்த வார்டில் இதே கேள்வியை எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்று டாக்டர்களுக்கே சொல்லத் தெரியாது. உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஆபரேஷன் தேதி முடிவானதும் முதலில் எனக்குச் சொல், மாப்பிள்ளை மூலமாக வேண்டாம். ராத்திரி நர்ஸ் வந்ததும் போய்ப் படு. பம்ப் கத்தினால் அவர்கள் பார்ப்பார்கள். பகலில் கத்தினால் நீ கூப்பிடு, தொடாதே.

அம்மா