அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்துக் கொடுங்கள்

பழைய ஹாலிவுட் படங்களின் உரிமையையும் நெகட்டிவ்களையும் கையில் வைத்திருக்கும் ஸ்டுடியோ நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நான் சினிமாத் தொழிலில் இருப்பவன் இல்லை. சாதாரண ரசிகன், அதிலும் நீங்கள் கணக்கிலேயே சேர்க்காத ரகம். என் அம்மா பிறப்பதற்கு முன்பே ஓடி முடிந்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன். குறிப்பாக 1930இலிருந்து 1934 பாதி வரை உங்கள் ஊரில் வந்த படங்கள் என்றால் எனக்கு உயிர்.

ஏன் என்று கேட்டால் முதல் காரணம் ரொம்பச் சின்னது. இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பத்தே முக்காலுக்குள் படம் முடிந்துவிடும். 1932இல் வந்த 'த்ரீ ஆன் எ மேட்ச்' 63 நிமிடம்தான். அதற்குள் மூன்று பெண்களின் பள்ளிப் பருவம், கல்யாணம், விவாகரத்து, போதை, குழந்தைக் கடத்தல், சாவு எல்லாம் வந்துபோய்விடும். கதாநாயகன் அறிமுகத்துக்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் படங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வேகம் ஒரு போதை மாதிரி.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு ஓடிடி தளத்தில் 'பேபி ஃபேஸ்' இருப்பதைக் கண்டு துள்ளிக் குதித்தேன். 1933இல் வந்த வார்னர் படம், பார்பரா ஸ்டான்விக் நடித்தது. போட்டுப் பார்த்தால் 71 நிமிடம். எனக்குச் சொரேல் என்றது. அது வெட்டுப்பட்ட பிரதி; முழுப் படம் 76 நிமிடம். படத்தின் பெயருக்குக் கீழே அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதன்முறை பார்ப்பவர்கள் இதுதான் படம் என்று நினைத்துக்கொண்டு, 'இதற்கா இத்தனை பேச்சு' என்று எழுந்து போயிருப்பார்கள்.

ஐந்து நிமிடம் குறைந்தால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் படமே இருக்கிறது.

லில்லி என்ற பெண். பென்சில்வேனியாவில் ஈரி என்ற ஊரில் ஆலைப் புகைக்கு நடுவே அப்பா நடத்தும் கள்ளச் சாராயக் கடையில் ஊற்றிக் கொடுக்கிறாள். அப்பனே அவளை வாடிக்கையாளர்களுக்கு விலை பேசுகிறான். அவளிடம் மரியாதையாகப் பேசும் ஒரே ஆள், ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயைப் படிக்கும் கிழட்டுச் செருப்புத் தைப்பவர். அவர்தான், ஆண்கள் உன்னைப் பயன்படுத்த விடாதே, நீ ஆண்களைப் பயன்படுத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்கிறார். அவள் நியூயார்க் போகிறாள். ஒரு வங்கிக் கட்டடத்தில் கீழ்த்தள வேலையில் நுழைந்து, ஒவ்வொரு அதிகாரியாகப் பிடித்து மேலே ஏறுகிறாள். அவள் ஒரு படி ஏறும்போதெல்லாம் கேமரா கட்டடத்தின் வெளிச்சுவரில் அடுத்த மாடி ஜன்னலுக்கு ஏறும். பின்னணியில் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' மெட்டு. வசனமே வேண்டாம், எந்த மாடிக்கு வந்திருக்கிறாள் என்று பார்த்தால் போதும்.

இதை நியூயார்க் மாநிலத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை. உடனே படத்தைத் திருத்தினார்கள். எப்படித் தெரியுமா? செருப்புத் தைப்பவர் பேசும் ஷாட்டுக்குப் பதிலாக, அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து தெரியும் ஒரு ஷாட்டைப் போட்டார்கள். வாய் தெரியாது. அந்த முதுகின் மேல் புதுக் குரலை ஏற்றி, சரியான வழி என்று ஒன்று உண்டு, தப்பான வழி என்று ஒன்று உண்டு, மறந்துவிடாதே என்று உபதேசம் செய்ய வைத்தார்கள். நீட்சே படித்த மனுஷன் ஒரே வெட்டில் நீதிபோதனை வாத்தியார் ஆகிவிட்டார். கடைசியில் லில்லியும் புருஷனும் சொத்தெல்லாம் இழந்து ஆலை ஊரில் உழைத்துப் பிழைப்பதாக ஒரு ஒட்டுப்போட்டார்கள். மூலத்தில் படம் ஆம்புலன்ஸில் முடிகிறது. பெட்டி திறந்து நகையும் பணமும் தரையில் கொட்டுகிறது, அவள் குனிந்து பார்ப்பதுகூட இல்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

எழுபது வருடம் உலகம் பார்த்தது அந்த முதுகைத்தான். 2004இல் ஓஹையோ மாநிலம் டேட்டனில் இருந்த அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) படக் கிடங்கில், இதே படத்துக்கு இரண்டு நெகட்டிவ்கள் இருந்ததில் ஒன்று கொஞ்சம் நீளமாக இருப்பதைக் கவனித்திருக்கிறார்கள். அந்த வருடமே லண்டன் திரைப்பட விழாவில் முழுப் படத்தையும் காட்டினார்கள். மறு வருடம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். படச்சுருளின் நீளத்தை ஒருவர் சந்தேகப்பட்டதால் கிடைத்த பொக்கிஷம். அதை வைத்துக்கொண்டே எங்களுக்குப் பழைய ஒட்டுப்போட்ட பிரதியை அனுப்பினால் வயிறு எரியாதா?

இந்தக் காலப் படங்களை 'ப்ரீ-கோட்', அதாவது விதித்தொகுப்புக்கு முந்தையவை என்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் தப்பான பெயர். படத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று சொல்லும் அந்த விதித்தொகுப்பு 1930 மார்ச் 31 அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் சினிமா வர்த்தகப் பத்திரிகை நடத்திய மார்ட்டின் குவிக்லியும் டேனியல் லார்ட் என்ற யேசு சபைப் பாதிரியாரும். எங்கள் ஊரில் தணிக்கை என்றால் அரசாங்கம். உங்கள் ஊரில், வில் ஹேஸ் தலைமையில் ஸ்டுடியோக்களே சங்கமாகக் கூடிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்குள் பொருளாதார மந்தம் வந்து தியேட்டர் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கையெழுத்துப் போட்டவர்களே அதை மடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டு, கூட்டம் சேர்க்க எது உதவுமோ அதை எடுத்தார்கள். 1934இல் கத்தோலிக்கர்களின் 'லீஜன் ஆஃப் டீசன்சி' என்ற ஒழுக்க இயக்கம் கிளம்பியது. தியேட்டர் பக்கமே போகாதீர்கள் என்று பிலடெல்பியா கார்டினல் சொன்னதும்தான் பயம் பிடித்தது. ஜூலை முதல், விதிகளை அமல்படுத்தும் சங்கத்து அலுவலகத்தின் தலைவர் ஜோசப் ப்ரீன் சான்றிதழ் கொடுக்காத படம் சங்கத்து ஸ்டுடியோக்களின் தியேட்டர்களில் ஓட முடியாது, மீறினால் 25,000 டாலர் அபராதம். 1968 வரை அந்தத் தொகுப்பு பெயரளவிலாவது உயிரோடு இருந்தது.

சரி, ஆபாசத்துக்குத்தானே தடை, அதில் உனக்கென்ன நஷ்டம் என்றால், தொகுப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதல் உறவைக் காட்டக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. 'பேபி ஃபேஸ்' படத்தில் லில்லியோடு ஊரைவிட்டு வரும் சீக்கோ கறுப்பினப் பெண், தெரசா ஹாரிஸ் நடித்தது. அவளை அனுப்பிவிடு என்று பணக்காரன் சொல்லும்போது, அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் இதற்கு மட்டும் முடியாது என்கிறாள். இப்படிச் சின்ன சின்ன இடங்களுக்காகவே இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

தொடை தெரிகிறது, மெல்லிய சட்டை தெரிகிறது என்று இந்தப் படங்களை விற்க நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு சலிப்பு உண்டு. லூபிட்ச் எடுத்த 'ட்ரபிள் இன் பாரடைஸ்' படத்தில் உடம்பு எங்கே தெரிகிறது? வெனிஸ் நகரம் என்றதும் நிலா வெளிச்சத்தில் படகும் பாட்டும் வரும் என்று நாம் காத்திருக்க, அந்தப் படகு குப்பை அள்ளிக்கொண்டு போகிறது. அடுத்து ஒரு ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் சாப்பிடுகிறார்கள். இருவரும் பிரபுக்கள் வேஷத்தில் வந்த திருடர்கள். அவள் அவனுடைய பர்ஸை அடித்திருக்கிறாள், அவன் அவளுடைய நகை ஊசியை. அவள் அவன் கடிகாரத்தை எடுத்து நீட்டி, ஐந்து நிமிடம் பின்னால் ஓடியது, சரிசெய்து வைத்திருக்கிறேன் என்கிறாள். பதிலுக்கு அவன் எடுத்துக் காட்டுவது அவள் தொடையில் கட்டியிருந்த கார்ட்டர் பட்டியை. எப்போது எடுத்தான் என்று அவளுக்கே தெரியாது. பாய்ந்து போய் அவன் மடியில் உட்கார்ந்துகொள்கிறாள். தொழில் தெரிந்த இருவர் ஒருவரை ஒருவர் மெச்சுவதைவிடப் பெரிய காதல் காட்சியை நான் பார்த்ததில்லை. இந்தப் படத்துக்கு 1935இல் மறுவெளியீட்டு அனுமதி மறுத்துவிட்டார்கள். ஒரு தலைமுறையே அதைப் பார்க்காமல் வளர்ந்தது.

ஒருநாள் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' போட்டிருந்தேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். ஜிஞ்சர் ராஜர்ஸ் பெரிய பெரிய காசாக உடுத்திக்கொண்டு, பணம் கொட்டுகிறது, கஷ்டகாலம் போச்சு என்று பாடிக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, இந்தப் பொண்ணு காசையே கட்டியிருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் திபுதிபுவென்று ஆட்கள் மேடையில் ஏறி, செட்டையும் உடுப்பையும் பிடுங்கத் தொடங்கினார்கள். நாடகக் கம்பெனிக்குக் கடன் பாக்கி. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும், "ஐயோ, ஜப்திக்கு வந்துட்டானுங்க!" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பாட்டில், போருக்கு அணிவகுத்துப் போன சிப்பாய்கள் அப்படியே இலவசக் கஞ்சி வரிசையில் வந்து நிற்கிறார்கள். "சண்டைக்குப் போனவனா இப்படி நிக்கிறான்?" என்று கேட்டவர், படம் முடிந்தும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் பாட்டம் படத்தை அப்படி முடிக்கும் தைரியம் உங்கள் முன்னோர்களுக்கு அந்த நாலு வருடம் இருந்தது. முந்தைய வருடம் பால் முனி நடித்த சங்கிலிக் கைதி படமும் அப்படித்தான். தப்பி ஓடிக்கொண்டே இருப்பவனிடம், எப்படிப் பிழைக்கிறாய் என்று காதலி கேட்கிறாள். இருட்டுக்குள்ளிருந்து 'திருடுகிறேன்' என்று பதில் வருகிறது. படம் முடிந்தது.

இதே ஆண்டுகளில் கலிபோர்னியாவில் சினிமா படித்து, 1935இல் இங்கு வந்து எங்கள் எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதிலீலாவதி'யை எடுத்தவர் எல்லிஸ் டங்கன். தமிழே தெரியாமல் அவர் எடுத்த 'அம்பிகாபதி'யின் காதல் காட்சிகளில் உங்கள் ஊர் வாடை அடிக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம். அது வேறு கதை.

வெட்டுவதால் படம் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் ஒரு சிறுமி பூக்களைத் தண்ணீரில் மிதக்க விடுகிறாள். பூதம் சிரித்துக்கொண்டே தானும் விடுகிறது. பூ தீர்ந்ததும், இவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அதன் பேதமையைக் காட்டும் இடம் அதுதான். மறுவெளியீட்டில் அதை வெட்டினார்கள். பூதம் சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி அறுந்துவிடும். அடுத்து அவள் உடலைத் தூக்கிக்கொண்டு அப்பா தெருவில் நடந்து வருவார். நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பவன் எதை எதையோ கற்பனை செய்துகொள்வான். பெருந்தவறு ஒன்றைப் பெரும்பாவமாக்கியது கத்தரிக்கோல்தான். 1980களில்தான் அந்த வெட்டு அடைக்கப்பட்டது.

அதுவாவது கிடைத்தது. 'லவ் மீ டுநைட்' படத்தில் மறுவெளியீட்டுக்காக நறுக்கியது இன்றுவரை கிடைக்கவில்லை. 'கன்வென்ஷன் சிட்டி' படத்துக்கு ஒரு பிரதிகூட இருப்பதாகத் தெரியவில்லை, எழுதிய கதை வசனமும் புகைப்படங்களும்தான் மிச்சம்.

எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். 1930ஆம் வருடப் படங்கள் பலவற்றில் மைக்கை எங்கே ஒளித்து வைத்தார்களோ அந்தப் பூந்தொட்டியைப் பார்த்தே எல்லோரும் பேசுவது போல இருக்கும். 'தி மாஸ்க் ஆஃப் ஃபூ மாஞ்சு'வில் போரிஸ் கார்லாஃப் சீனராக வேஷம் கட்டிப் பேசுவதைக் கேட்கக் கூசுகிறது. அதையும் வெட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். முன்னால் நாலு வரி எழுதிப் போடுங்கள், போதும். அன்று ஒழுக்கத்தின் பெயரால் வெட்டியதைத் தேட எழுபது வருடம் ஆனது. இன்று நாகரிகத்தின் பெயரால் வெட்டினால் தேட வேறு யார் வருவார்கள்?

எனக்கு வேண்டியது பெரிய செலவில்லாத மூன்று காரியம். ஒன்று, ஓடிடி தளங்களுக்கு உரிமை கொடுக்கும்போது முழுப் பிரதியைக் கொடுங்கள், முழுப் பிரதி இல்லையென்றால் எது இல்லை என்று எழுதுங்கள். 'இது வெட்டுப்படாத பிரதி, 76 நிமிடம்' என்று ஒரு வரி போதும். இரண்டாவது, அமெரிக்காவுக்கு வெளியேயும் விடுங்கள். உங்கள் நாட்டில் டிஸ்க்காக வரும் படத்தை நாங்கள் வாங்க வேண்டுமானால் படத்தின் விலையைவிடத் தபாலும் சுங்கமும் அதிகமாகிறது. பார்க்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தரை நான் காட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, கிடங்கில் ஒரே பெயரில் இரண்டு டப்பா இருந்தால் தயவுசெய்து இரண்டையும் தூக்கிப் பாருங்கள். கனமான டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
1934 ஜூலையைத் தாண்ட மனமில்லாத ஒரு ரசிகன்